ஆறாம் பாகத்தின் கடைசித் தாள்

கணவாய்ப்பட்டியில் அந்த வருஷம் சாரல் பதினெட்டு நாள் பிந்தி வந்தது, ‘ஏழாம் மதில்’ கதை வரிசையின் ஆறாம் பாகம் மூன்று வருஷம் பிந்தி வந்தது, ஊர் ஜனங்கள் சாரலை வந்த அன்றைக்கே மன்னித்துவிட்டார்கள், ஆறாம் பாகத்தை மட்டும் மன்னிக்க மாட்டோம் என்று ஒற்றைக்காலில் நின்றார்கள். நிற்காமல் என்ன செய்வார்கள்? ஐந்தாம் பாகத்தின் கடைசி வரியில் இளவரசன் இளவேழன் ஏழாவது மதிலின் உச்சியில் ஒரு கையால் தொங்கிக்கொண்டிருந்தான், கீழே அகழியில் முதலைகள் வாயைப் பிளந்துகொண்டிருந்தன, மூன்று வருஷமாக முடிதிருத்தும் கடையிலும் ரேஷன் வரிசையிலும் கல்யாணப் பந்தியிலும் பிழைப்பானா மாட்டானா என்று பேசிப் பேசி வாய் வலித்துப்போன ஜனங்களுக்கு அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் தடியாக ஒரு புத்தகம் வந்து சேர, அதில் இளவேழனும் இல்லை, முதலையும் இல்லை, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை சூர்மதியின் சின்ன வயசுக் கதைதான் இருந்தது.

சூர்மதி யாரென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். மூன்றாம் பாகத்தில் ஏழாவது மதிலின் கதவை உள்ளேயிருந்து பகைவனுக்குத் திறந்துவிட்டு, தன் ஊர் எரிவதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்துபோனவள் அவள். கணவாய்ப்பட்டியில் மாமியாரைத் திட்டவும், கறக்கவிடாமல் உதைக்கிற எருமையைத் திட்டவும் அந்த ஒரு பெயரே போதுமானதாக இருந்தது. அப்படிப்பட்டவள் எங்கே பிறந்தாள், எப்படி வளர்ந்தாள், ஏழு வயதில் எந்தக் கிணற்றடியில் யாருக்காகக் காத்து நின்றாள் என்றெல்லாம் அறுநூறு பக்கம் எழுதச் சொல்லி யார் கேட்டார்கள்?

புத்தகம் ஊருக்கே ஒன்றுதான். உச்சிமாகாளி அண்ணாச்சி தன் வாடகை நூல் நிலையத்துக்கு எந்தப் புத்தகமானாலும் ஒரு பிரதிதான் வாங்குவார், சீட்டுக் குலுக்கி முறை வைத்துக் கொடுப்பார். அண்ணாச்சி ஒரு புத்தகத்தையும் படித்தவரில்லை, உட்கார்ந்து படிக்கிற பொறுமை அவருக்குக் கிடையாது, ஆனால் எது ஓடும் எது ஓடாது என்று தெரிந்தால்தானே அடுத்த புத்தகம் வாங்க முடியும், அதற்காக ஒரு சட்டம் வைத்திருந்தார்: திருப்பிக் கொடுக்கிறவர்கள் கடைசி வெள்ளைத் தாளில், மேசைக் காலோடு நூல் போட்டுக் கட்டியிருக்கும் நீலப் பேனாவால், மனசில் பட்டதை ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எழுதாதவர்களுக்கு அடுத்த புத்தகம் கிடையாது. முப்பது வருஷமாக ஊர் இப்படி எழுதிப் பழகியிருந்தது.

ஆறாம் பாகத்தின் கடைசித் தாள் முதல் சுற்றிலேயே வசவால் நிறைந்தது. நடுநிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கிற எஸ்தர் டீச்சர், ‘இது ஏமாற்று வேலை, சூர்மதி கதையை யார் கேட்டார்கள்?’ என்று எழுதினார். பாங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற பொன்னுலிங்கம் சார், ‘இலக்கிய மதிப்பு பூஜ்யம்’ என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டார். ‘இளவேழனுக்குக் கை வலிக்காதா?’ என்று முடிதிருத்தும் கடைக்காரர் கேட்டிருந்தார். நூல் நிலையத்தை ஒட்டி மாவு மில் வைத்திருக்கிற வடிவு, முறை வந்து இரண்டே நாளில் வாசித்து முடித்து, இப்படி எழுதினாள்: ‘கதவைத் திறந்துவிட்டவள் திறந்துவிட்டவள்தான். அவளுடைய முன்கதை எனக்கு வேண்டாம்.’

பேனாவை அவள் அழுத்திய அழுத்தில் தாள் பின்பக்கம் புடைத்துக்கொண்டது. அவளுக்கு வேறு கணக்கு இருந்தது என்பது ஊருக்கே தெரியும்.

சண்முகவடிவுக்கு வயது நாற்பத்திரண்டு. காலை ஆறரைக்கு மோட்டாரைப் போட்டாளானால் மதியம் வரை அரிசியும் கேப்பையும், இரண்டு மணிக்கு மேல் மிளகாய் வத்தலும் மல்லியும், இருட்டுகிறவரை இமை மயிரில் மாவு படிந்து நிற்பாள். ஊர் உலகமெல்லாம் பஸ் ஏறி வந்து குளித்துவிட்டுப் போகிற அருவி ஐந்து மைலில் இருந்தது, அதில் அவள் தலை நனைத்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. ஆனால் ‘ஏழாம் மதில்’ வரிசையில் வருகிற ஏழு நாடும் பதினான்கு துறைமுகமும், எந்தத் துறைமுகத்தில் எந்தக் காற்றுக்குப் பாய் விரிப்பார்கள் என்பதுவரை அவளுக்கு அத்துப்படி. அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து, ஒரு டின்னுக்கும் அடுத்த டின்னுக்கும் நடுவில் கிடைக்கிற நேரத்தில் அவள் அத்தனை கடலையும் தாண்டியிருந்தாள்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய அக்கா ஆவுடை மும்பையில் ஒரு மருந்துக் கம்பெனியில் பெட்டி கட்டுகிற வேலையில் இருந்தாள். அப்பா இந்த மில்லுக்குள்ளேயே பக்கவாதம் வந்து சாய்ந்த அன்று வடிவு போன் செய்தபோது, “டிக்கெட் எடுத்துட்டேன், வாரேன்” என்று ஆவுடை சொன்னாள். சொன்னவள் வரவில்லை. சங்கரன்கோவிலில் வடிவுக்குப் பேசி முடித்திருந்த சம்பந்தம் நாலு மாசம் காத்திருந்து பார்த்துவிட்டு வேறு இடத்தில் பெண் எடுத்துக்கொண்டது. பதினோரு வருஷம் அப்பாவைத் தூக்கி உட்கார வைத்து, குளிப்பாட்டி, ஊட்டி, வாய் துடைத்து, இடையில் மில்லையும் ஓட்டி, போன ஐப்பசியில் அவர் கண்ணை மூடினபோது கொள்ளி வைக்கச் சித்தப்பா மகன் வந்தான், ஆவுடை அதற்கும் வரவில்லை. அதற்கப்புறம் ஒவ்வொரு மாசப் பிறப்புக்கும் வடிவின் போனில் ஒற்றை வார்த்தை வந்து விழும்: ‘வரலாமா?’ வடிவு பதில் போட்டதே இல்லை. அப்பாவின் வருஷத் திதி நெருங்கிக்கொண்டிருந்தது, அதற்குள் வா என்றோ வராதே என்றோ ஒன்றைச் சொல்லியாக வேண்டும், இரண்டில் எதைச் சொன்னாலும் அதை வைத்துக்கொண்டு வாழ முடியாது என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

சாரல் பிடித்த நாலாம் நாள் காலையில், புத்தகத்தை இன்னொரு தடவை எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்க வந்த எஸ்தர் டீச்சர் கடைசித் தாளைப் புரட்டினார். தான் எழுதிய இடத்தில், தன் கையெழுத்தில், ‘கிணற்றடியில் அந்தப் பிள்ளை நிற்கிற இடத்தை என்னால் தாங்க முடியவில்லை’ என்று இருந்தது.

“அண்ணாச்சி, இதை யார் மாத்துனா?”

“யாரும் தொடல டீச்சர். பெட்டிக்குள்ளதான் இருந்துச்சு.”

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். “நேத்து பாத்திரம் கழுவும்போது அந்தக் கிணத்தடி நெனப்பு வந்து அழுதேன் அண்ணாச்சி. வீட்ல யாருக்கும் தெரியாது.”

“அப்போ சரியாத்தான எழுதிருக்கு,” என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி அடுத்த பெயரை நோட்டில் பதிந்துகொண்டார்.

அன்று சாயங்காலத்துக்குள் விஷயம் ஊர் முழுக்கப் பரவிவிட்டது, மறுநாள் காலையில் டீக்கடைக்குப் போகுமுன் நூல் நிலையத்துக்கு ஒரு எட்டு வைத்துத் தன் வரி எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போகிற பழக்கம் தொடங்கிவிட்டது, ஒரு வாரத்தில் அது பல் விளக்குகிற மாதிரி ஆகிவிட்டது. எழுதினவர் மனசு மாறினால் எழுத்தும் மாறியது, அவருக்கே தெரியாமல் மாறினால் அவருக்கு முன்பாகவே மாறியது, நீல மையில், அவரவர் கையெழுத்தில், அவரவர் தப்புகளோடு. முடிதிருத்தும் கடைக்காரரின் கேள்வி அழிந்து, ‘இளவேழன் தொங்கட்டும், சூர்மதிக்கு அப்புறம் என்ன ஆச்சு?’ என்று வந்தது. புத்தகத்தை முழுக்க வாசித்ததாகப் பீற்றிக்கொண்டிருந்த பஞ்சாயத்துத் துணைத்தலைவரின் வரி, ‘நாற்பது பக்கத்துக்கு மேல் நான் போகவில்லை’ என்று ஒரு காலையில் ஒப்புக்கொண்டுவிட, அவர் வெள்ளை மை வாங்கிவந்து அண்ணாச்சியைக் கெஞ்சிப் பூசினார், மை காய்ந்து பொருக்காய் உதிர்ந்தது, வேறு வழியில்லாமல் அந்த மனுஷன் உட்கார்ந்து முழுசையும் படித்தார். கல்யாணத் தரகர் ஒருவர் மாப்பிள்ளை எழுதிய வரியை மூன்று நாள் தொடர்ந்து பார்த்துவிட்டு, ‘குணம் ஒரே நிலையா இருக்கு, கொடுக்கலாம்’ என்று பெண் வீட்டுக்குச் சொல்லியனுப்பினார். தென்காசியிலிருந்து அறிவியல் கழகத்துக்காரர் இருவர் கேமராவும் பூதக்கண்ணாடியுமாக வந்து ஒரு பகல் முழுக்க மையையும் தாளையும் சோதித்தார்கள், ஒன்றும் பிடிபடவில்லை என்றார்கள், போகிறபோது புத்தகத்துக்குச் சீட்டுப் போட்டுவிட்டுப் போனார்கள்.

அண்ணாச்சி மட்டும் அசரவில்லை. புத்தகத்தை வெளியே கொடுப்பதை நிறுத்தி, முறை வந்தவர்கள் அங்கேயே உட்கார்ந்து படிக்கட்டும் என்றார், வரிகளுக்கு இடம் போதாமல் போனபோது இன்னொரு வெள்ளைத் தாளைப் பசை போட்டு ஒட்டிக் கொடுத்தார்.

ஆனியில் பெரும்பாலும் வசவாக இருந்த தாள் ஆடி பிறந்ததும் அழுகையாக மாறியது. ‘பாவம்’ என்ற சொல் மட்டும் முப்பத்தொரு இடத்தில் இருந்தது. ஆடி பாதியில் அழுகை புளித்துப்போய், ‘எல்லோருக்கும்தான் கஷ்டம் இருக்கிறது, அதற்காக ஊரை எரிப்பார்களா?’ என்று ஆங்காங்கே முளைத்தது, அதன்பிறகு அதுவும் கரைந்து வேறு மாதிரி ஆனது. பொன்னுலிங்கம் சாரின் பூஜ்யம் ஒருநாள், ‘அவளுக்கு வேறு வழி இருந்ததா?’ என்றது, பத்து நாள் கழித்து ‘இருந்தது’ என்று தனக்குத்தானே பதில் சொன்னது, ஆடிக் கடைசியில், ‘நானும் ஒரு கதவைத் திறந்துவிட்டவன்தான்’ என்றது. அன்று காலை அதை வாசித்த அவருடைய மனைவி வீட்டுக்குப் போய் அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார், அவராகச் சொல்லட்டும் என்று. சார் மூன்று நாள் கழித்துச் சொன்னார் என்று கேள்வி, என்ன சொன்னார் என்று யாருக்கும் தெரியாது, தெரியவும் வேண்டியதில்லை.

ஆவணி பிறந்தபோது மொத்தத் தாளில் மாறாத வரி ஒன்றே ஒன்றுதான். வடிவு எழுதினது எழுதினபடி, தாள் புடைத்தது புடைத்தபடி இருந்தது.

முதலில் அவளுக்கு அதில் பெருமைதான். மோட்டாரைப் போடுமுன் போய்ப் பார்த்துவிட்டு வருவாள், இருக்கிறது என்று கண்டதும் முதுகு நிமிரும். பிறகு பிறகு, போகவே பயந்தாள், எங்கே மாறியிருக்குமோ என்று. அந்தக் கோபத்தைப் பிடித்துக்கொண்டுதான் பதினோரு வருஷம் விடிந்ததும் எழுந்திருக்கிறாள், அப்பாவைத் தூக்கியிருக்கிறாள், சம்பந்தம் போன செய்தி வந்த அன்றுகூட நாற்பது கிலோ அரிசி அரைத்திருக்கிறாள். அதை எடுத்துவிட்டால் தனக்கு நிற்கக் காலில்லை என்று அவள் நம்பினாள்.

ஊர் சும்மா விடுமா? மில்லில் டின்னோடு காத்திருக்கிற பெண்களுக்கு அதுவே பேச்சாகிவிட்டது.

“ஏட்டி வடிவு, எல்லார் வரியும் எளகிட்டு. ஒன் வரி மட்டும் அப்படியே இருக்கே,” என்றாள் ரஹ்மத் பீவி. தையல் கடை வைத்திருப்பவள், புட்டு மாவு நைசாக வேண்டுமென்று எப்போதும் நின்று வாங்குகிறவள்.

“கல்லு எளகுமாக்கா?”

“ஆவுடை என்ன நெனச்சு வராம இருந்தாளோ. சூர்மதிக்கே அறுநூறு பக்கம் இருக்குல்லா. ஒங்கக்காளுக்கு ஒரு பத்துப் பக்கமாது இருக்காதா?”

“இருக்கும். அதை எவன் அச்சடிச்சு விக்கானோ அவன்கிட்ட போய் வாங்கிப் படிங்க. மாவைப் புடிங்க, அடுத்த ஆளு நிக்கிது,” என்றாள் வடிவு.

ஆவணி ஒன்பதாம் தேதி, வியாழக்கிழமை, வரி மாறியது. எட்டு மணிக்கு எஸ்தர் டீச்சர்தான் முதலில் பார்த்தார். அன்றைக்கென்று மில் பெல்ட் முந்தின ராத்திரி அறுந்து, விடிந்ததிலிருந்து அதை மாற்றிக்கொண்டு நின்றதால் வடிவு போகப் பிந்திவிட்டது. அவள் வந்தபோது நூல் நிலையத்தில் பதினைந்து பேர் நின்றார்கள், விலகி வழிவிட்டார்கள். தாளில் அவள் கையெழுத்தில் ஒரே சொல் இருந்தது.

‘வரட்டும்.’

யார் வரட்டும் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. அந்தப் புத்தகத்தில் யாரும் யாருக்கும் அப்படிச் சொல்லும் இடமே கிடையாது.

வடிவு நீலப் பேனாவைப் பிடுங்கி அந்தச் சொல்லின்மேல் கோடு போட்டாள். கோடு போட்ட மை தாளுக்குள் இறங்கிக் காணாமல் போனது. பக்கத்தில் ‘நான் சொல்லவில்லை’ என்று எழுதினாள், அதுவும் காய்வதற்குள் போனது.

“ஒரு ஆளுக்கு ஒரு வரிதான் தாயி,” என்றார் அண்ணாச்சி மெதுவாக.

“டீச்சர்தான மொதல்ல பாத்திருப்பாவ, எங்க?” என்றாள் வடிவு.

எஸ்தர் டீச்சர் கூட்டத்தின் பின்னாலிருந்து முன்னால் வந்தார், கையில் போன் இருந்தது. அவர் ஆவுடையோடு பத்தாம் வகுப்புவரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். “ஆவுடைக்குப் படம் புடிச்சு அனுப்பிட்டேன் வடிவு. இன்னைக்கே வண்டி ஏறுதாளாம். நல்ல சேதிதான, தள்ளிப்போடுவானேன்னு...”

“யாரைக் கேட்டு அனுப்புனீங்க?”

“ஒன் வரிதான. ஒன் கையெழுத்துதான.”

“மனசுல ஓடுறதெல்லாம் நான் குடுத்த வாக்காயிருமா டீச்சர்?” வடிவு பேனாவை மேசைமேல் போட்டாள். “மனசுல என்னென்னமோ ஓடுது. எங்கப்பா கெடையில கெடக்கையில, இந்த மனுசன் செத்துத் தொலஞ்சா என்னன்னு ஒரு நாளு ஓடுச்சு. அன்னைக்கு ஒரு தாளு இருந்து அதுல எழுதிருந்தா, அதையும் படம் புடிச்சு அவருக்கு அனுப்பிருப்பீங்களா?”

டீச்சர் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பதினைந்து பேரும் தரையைப் பார்த்தார்கள். இரண்டு மாசமாக அந்தத் தாளைப் பார்த்துச் சம்பந்தம் பேசி, சண்டையை முடித்து, துணைத்தலைவரைப் படிக்க வைத்து, எழுதியிருப்பதுதான் அவரவர் சொன்ன சொல் என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொண்ட ஊருக்கு, சொல்லுவதற்கு முன்னால் ஒரு ஆள் நின்று யோசிக்க வேண்டியிருக்கும் என்பதே மறந்துபோயிருந்தது. வடிவு வீட்டுக்குப் போகவில்லை, மில்லுக்குப் போய் மோட்டாரைப் போட்டாள், யாரிடமோ எதையோ பறிகொடுத்தவள் மாதிரி அன்று முழுக்க அரைத்தாள். மன்னிப்பதோ மன்னிக்காததோ, அவள் கையில் இருந்த ஒரே அதிகாரம் அதுதான், அதையும் அவளைக் கேட்காமல் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள்.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு மில் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ஆவுடை இறங்கினாள். முன்தலை முழுக்க நரைத்திருந்தது, கையில் சக்கரம் வைத்த சின்னப் பெட்டி, சாரலில் நனைந்த சேலை.

“வடிவு.”

வடிவு மோட்டாரை நிறுத்தவில்லை. “வரிசை நிக்கி. உக்காரு,” என்றாள்.

ஆவுடை உட்கார்ந்தாள். எட்டு டின்னுக்குப் பின்னால் ஒன்பதாவதாக, பெட்டியை மடிக்கு முன்னால் வைத்துக்கொண்டு. வடிவு ஒவ்வொரு டின்னாகக் கொட்டினாள், அரைத்தாள், சலித்தாள், கொடுத்தாள். கேப்பைக்கு அப்புறம் கல்லைத் துடைத்தாள், வழக்கமாக ஒரு தடவை துடைப்பவள் மூன்று தடவை துடைத்தாள். மாவு வாங்கினவர்கள் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. டின்னை இடுப்பில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றார்கள். பள்ளிக்கூடம் அரைநாள் விட்டு எஸ்தர் டீச்சர் வந்து நின்றார், அண்ணாச்சி நூல் நிலையத்தை அப்படியே போட்டுவிட்டு வந்து வாசலில் நின்றார். எட்டாவது டின் முடிந்தது. வடிவு சுவிட்சை அணைத்தாள், பெல்ட் ஓடி ஓடித் தளர்ந்து நின்றது, இத்தனை பேர் நிற்கும்போது மில் அப்படி அமைதியாக இருந்து யாரும் பார்த்ததில்லை.

“சொல்லு,” என்றாள் வடிவு. “டிக்கெட் எடுத்துட்டேன்னு சொன்னேல்லா. அதுலருந்து சொல்லு.”

ஆவுடை சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள். எல்லோர் முகத்திலும் அறுநூறு பக்கத்துக்கான ஆயத்தம் இருந்தது.

“எடுத்தேன்,” என்றாள். “தாதர் ஸ்டேசன்ல போய் நின்னேன். வண்டி வந்துச்சு. ஏறணும்னுதான் நின்னேன் வடிவு. கால் நகரல. வண்டி போயிட்டு. வெளிய வந்து டீ குடிச்சேன். மாடி பஸ் ஒண்ணு வந்துச்சு, ஏறி மேல முன் சீட்டுல உக்காந்தேன். கடைசி ஸ்டாப் வரைக்கும் போனேன். ரூமுக்குப் போய் நல்லாத் தூங்குனேன். அதான் கதை.”

“யாரும் புடிச்சு வச்சுக்கிட்டாவளா தாயி?” என்று ரஹ்மத் பீவி எடுத்துக் கொடுத்தாள்.

“இல்லக்கா.”

“ஒடம்புக்கு ஏதும்...”

“இல்ல.”

“அங்க ஒரு குடும்பம் கிடும்பம்?”

“அது அஞ்சு வருசம் கழிச்சு வந்துச்சு, போயிட்டு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. வந்தா இந்த மில்லுதான், அப்பா கட்டில்தான், அதுலருந்து திரும்ப வர முடியாதுன்னு தெரியும். எனக்கு வர இஷ்டமில்ல. அடுத்த மாசம் வரலாம்னு நெனச்சேன், அடுத்த மாசம் வெக்கமாப் போச்சு, அதுக்கடுத்த மாசம் இன்னும் வெக்கமாப் போச்சு. காரணம்னு எங்கிட்ட ஒண்ணும் இல்ல வடிவு. ரயில்ல வரும்போது ரெண்டு நாளா தேடிப் பாத்தேன். பொய் சொல்லலாம்னா அதுவும் நல்லா வரல.”

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சூர்மதிக்குக் கிணற்றடி இருந்தது, வஞ்சகம் செய்த மாமன் இருந்தான், தீயில் வெந்த தாய் இருந்தாள், அதையெல்லாம் படித்து இரண்டு மாசம் கண்ணீர் விட்டுப் பழகினவர்களுக்கு ஒரு மாடி பஸ்ஸை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. “பயந்திருப்பா, பாவம்,” என்று யாரோ முணுமுணுக்க, “பயமில்ல” என்று ஆவுடை அதையும் மறுத்துவிட்டாள்.

பதினோரு வருஷமாக வடிவும் அவளுக்காக எத்தனை முன்கதைகள் கட்டியிருப்பாள். அப்பாமேல் தீராத வெறுப்பு என்று ஒன்று, யாரோ ஏமாற்றி அடைத்துவைத்தார்கள் என்று ஒன்று, தன்மேல் பொறாமை என்று ஒன்று, காய்ச்சலான நாட்களில் இரக்கமாக ஒன்று, அப்பாவுக்குக் கொள்ளி வைத்த நாளில் கொடூரமாக ஒன்று. எதிலும் பஸ் வரவில்லை. அவளுக்குக் கோபம் வந்தது, இதற்காகவா, வெறும் இதற்காகவா என்று. அந்தக் கோபத்தோடு வாயைத் திறந்தவள், அவளுக்கே ஆச்சரியமாக, வேறொன்றைக் கேட்டாள்.

“மேல முன் சீட்டுல இருந்து பாத்தா கடல் தெரியுமா?”

ஆவுடை நிமிர்ந்தாள். “கடைசித் திருப்பத்துல தெரியும். மொத்தமாத் தெரியும்.”

வடிவு அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தாள். அந்த டிக்கெட் தன் கையில் இருந்து, அந்த ஸ்டேஷனில் தான் நின்றிருந்தால், ஏறியிருப்பாளா என்று தன்னைக் கேட்டுக்கொண்டாள். வழக்கமாக உடனே வருகிற பதில் இந்தத் தடவை வரவில்லை. அவளுக்கு அது பிடிக்கவில்லை, ஆனாலும் வராததை வரவில்லை என்றுதானே சொல்ல வேண்டும்.

“ஒன்னய நான் மன்னிக்கல,” என்றாள்.

“தெரியும்.”

“நீ காரணம் ஏதாவது சொல்லிருந்தேன்னா, பெட்டியத் தூக்கிட்டுப் போன்னு சொல்லிருப்பேன்.”

ஆவுடை தலையாட்டினாள்.

“எந்திரி. இங்கன வா.” வடிவு அவளை மோட்டார் பக்கம் கூட்டிப்போனாள். “பச்சை சுவிட்சு இது. மேல கொட்டுறதுக்கு முன்னாடி மோட்டார் வேகம் புடிக்கணும், அவசரப்பட்டுக் கொட்டுனா பெல்ட்டு அறுந்துரும். கல்லு சூடாச்சுன்னா ஒரு வாடை வரும், வந்த ஒடனே நிப்பாட்டணும். வத்தல் ரெண்டு மணிக்கு மேலதான், எவ்வளவு கெஞ்சுனாலும் காலையில போடாத. பீவியக்காவுக்குப் புட்டு மாவு ரெண்டு தடவை ஓட்டணும்.”

“எங்கிட்ட ஏன் சொல்லுத?”

“திங்கக்கெழமைலருந்து நீதான் ஓட்டப் போற.”

“நீ?”

வடிவு எஸ்தர் டீச்சர் பக்கம் திரும்பினாள். “டீச்சர், ஒங்க போன்ல ரயிலுக்கு டிக்கெட் போட முடியும்லா? மும்பைக்கு ஒண்ணு போடுங்க.”

டீச்சர் மறுபேச்சில்லாமல் போனை எடுத்தார். எடுத்தவர் விரல் அந்தரத்தில் நின்றது. “திரும்பி வர்றதுக்கும் சேத்துப் போடட்டுமா வடிவு?”

“போறதுக்கு மட்டும் போடுங்க. சன்னல் சீட்டு.”

சுவரோரம் நின்றவர்களில் ஒருத்தி டின்னைக் கீழே இறக்கி வைத்தாள். தங்கையின் கையைப் பிடிக்க ஆவுடை நீட்டிய கை பாதியில் நின்றது.

“அப்பா திதிக்கு வந்துருவேல்லா?” என்றாள்.

வாரேன் என்று சொல்லிவிடுவது எவ்வளவு சுலபம் என்று வடிவுக்கு அப்போது தெரிந்தது. வாயில் அது தயாராகவே இருந்தது. எல்லோரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“தெரியாதுக்கா,” என்றாள். பதினோரு வருஷத்தில் ஆவுடையை அவள் அக்கா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

ஆவுடை கண்ணைத் துடைத்துக்கொண்டு, “யார் டின்னு அடுத்தது?” என்று கேட்டுவிட்டுப் பச்சை சுவிட்சைப் போட்டாள்.